எட்டு ரூபாய்

மூக்கையூர் இஞ்ஞாசி மிராந்தாவின் முகம்
எனக்குச் சரியாகத் தெரியாது.
குதிகால் தெரியும்.
இடது குதியில் திருக்கை முள் ஏறிய வடு,
வெயிலில் கருகிய பின்கழுத்து,
பனியன் முதுகில் வேர்வை காய்ந்து
உப்பு போட்ட தேசப்படம்.
ஆறு வருஷம், பதினெட்டுப் பந்தயம்,
அந்தப் படத்தைப் படித்துக்கொண்டேதான் ஓடினேன்.

நாங்கள் பக்கத்தில் வருகிறவனைப் பார்த்து ஓடுவோம்.
அவன் உள்ளங்கையைப் பார்த்து ஓடுவான்.
கண்ணாடி கீறிய ஒரு கடிகாரம்,
தலைமன்னார்க் கப்பலில் கரி அள்ளிய மாமன் கொடுத்தது.
பின்லாந்து என்றொரு பனி நாட்டில்
இப்படித்தான் கையில் மணி பார்த்து ஓடுகிறார்களாம்,
கப்பலில் யாரோ சொன்னது.
பனி என்றால் மார்கழிப் பனி என்று நினைத்துக்கொண்டோம்.
சுற்றுக்கு ஒருதரம் கை விரியும். மூடும்.
எங்களை ஜெயிக்க வேண்டும் என்று அவனுக்கு இருந்ததில்லை.
அவன் போகிற பாதையில் நாங்கள் இருந்தோம்,
அவ்வளவுதான்.

ஆடியில் கச்சான் கிளம்பினால்
மணல் ஊசி ஊசியாய் முழங்காலில் ஏறும்.
வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும்.
அந்த மாதம்தான் அவன் தூரத்தைக் கூட்டுவான்.
வாலிநோக்கம் வரை போய்த் திரும்பி,
கோயில் மணிக்கு முன் குளித்திருப்பான்.
பேச்சு கிடையாது. சிரிப்பும்
அளந்துதான்.

கீழக்கரையில் ஒரு சங்கு வியாபாரி பந்தயம் வைத்தார்.
முடிந்ததும் கூப்பிட்டு வழிச்செலவு என்று கொடுத்தார்.
முதலில் வந்தவனுக்கு எட்டு ரூபாய்.
இரண்டாவதாக வந்தவனுக்கு நாலு.

மறுவருஷம் மதராஸில் பத்து மைல்.
யாரும் ஓடாத நேரத்தில் ஓடி முடித்துவிட்டு
தண்ணீர்கூடக் கேட்காமல் மணி பார்த்து நின்றான்.
சீமைக்குக் கப்பல் ஏறுவான் என்று பேப்பரில் போட்டார்கள்.
பிறகு கமிட்டியிலிருந்து கடுதாசி:
காசு வாங்கி ஓடுகிறவன் கூலிக்காரன்,
ஓட்டக்காரன் அல்ல.

ராமநாதபுரத்தில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர்.
சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
'பார்த்தாயா?'
பார்த்தேன்.
'எவ்வளவு?'
எட்டு ரூபாய்.
'உனக்கு?' என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்
என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன்,
எனக்கு நானே.

அடுத்த பந்தயத்தில் என் முன்னால் முதுகு இல்லை.
வெறும் வெளி. கண் கூசியது.
எந்த வேகத்தில் போவது என்று தெரியாமல்
இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.
முதலாவதாக வந்தேன்.
அவன் நேரத்துக்கு ஒரு நிமிஷம் நாற்பது செகண்டு பின்னால்.
மாலை போட்டார்கள்.
கயிற்றுக்கு வெளியே, இளநீர் வண்டி ஓரம்,
கை விரித்து மணி பார்த்துக்கொண்டு நின்றான் மிராந்தா.
'ஏழாஞ் சுத்துல தூங்கிட்டியே, மீராசா.'
வேறொன்றும் சொல்லவில்லை.
திட்டியிருக்கலாம்.

பாம்பனில் கடை வைத்தான்.
தூண்டில், தக்கை, தார் பூசிய கயிறு.
முழம் போட்டால் ஒரு விரல் கூடாது, குறையாது.
கடன் இல்லை என்று பலகையில் எழுதியிருந்தான்.
போன மாசி மாதம் போனேன்.
நாலு ரூபாயைப் பெட்டி மேல் வைத்தேன்.
பேரேட்டை எடுத்து
முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். அவசரமே இல்லை.
'ஒம் பேர்ல பாக்கி ஒண்ணும் இல்லையே.'

நாணயங்களைத் திருப்பித் தள்ளிவிட்டு
உள்ளங்கையை விரித்துப் பார்த்தான்.
ஆறரை. கடையைச் சாத்தினான்.
ஸ்டேஷன் ரோட்டில் நடந்தான்,
நடைதான்.
ஏதாவது சொல்லிவிடலாம் என்று
நான் எட்டிப் போட்டேன், வேட்டியை மடித்துக் கட்டினேன்.
கருவாட்டுக் களம் தாண்டுவதற்குள்
மூச்சு வாங்கியது.
அந்த வடு
இன்னும் அங்கேதான் இருக்கிறது, இடது குதியில்.